மூத்தவர் என்பதனாலேயே முடி வருமோ?

தேக்காவில் பசியாறிவிட்டு, சிராங்கூன் சாலைப் பூக்கடைகளின் மல்லிகை மணம் மூக்கைவிட்டு அகலுமுன்னே ரோச்சோர் கால்வாயைக் கடந்து, கம்போங் கிளாமில் சுல்தான் கேட் தெருவின் கடைக்கோடிவரை நடப்பவர் எவரும், இன்று மலாய் மரபுடைமை நிலையமாக விளங்கும் பழைய இஸ்தானாவின் முன் நின்று ஒரு கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. 1812-இல் ஜொகூர் சுல்தான் மஹ்மூது லிங்காவில் காலமானபோது மூத்த குமாரர் ஹுசைன் விவாகத்தின் பொருட்டுப் பகாங் சென்றிருந்தாராம். அந்தச் சமயம் பார்த்து இளையவர் அப்துல் ரகுமான் சிம்மாசனத்தைக் கவர்ந்துகொண்டாராம். 1819-இல் ராஃபிள்ஸ் வந்து உரியவருக்கு உரியதை மீட்டுத் தந்தாராம். பின்னாளில் தெமெங்கோங் குடும்பத்தார் அந்த வம்சத்தை வஞ்சித்து ஜொகூரை அபகரித்தனராம். இராமாயணம் கேட்டுப் பழகிய காது நமக்கு. மூத்தவன் ஊரில் இல்லாதபோது இளையவன் முடிசூடினான் என்றதும் விசாரணையின்றியே இரக்கம் சுரந்துவிடுகிறது.

ஆனால் ஜொகூர் ராஜ்யத்தின் சம்பிரதாயத்தில் மூத்தவர் என்னும் ஒரே காரணத்தால் எவரும் சுல்தான் ஆகிவிடுவதில்லை. முதன்மை அமைச்சரான பெண்டஹாராவும், காவலுக்குரிய தெமெங்கோங்கும், 1722-க்குப் பின் பூகிஸ் வம்சத்துத் துணைமன்னரான யாம்துவான் மூடாவும் இசைந்தாலன்றிப் பட்டாபிஷேகம் நிறைவுறாது. அன்றியும், ஹுசைன், அப்துல் ரகுமான் இருவருடைய தாய்மாரும் அரசகுலத்தில் பிறந்தவர்கள் அல்லர். அரசகுலப் பட்டமகிஷியான எங்கு புத்திரி ஹமிதாவுக்கோ வாரிசு நிலைக்கவில்லை. ஆகவே பிறப்பின் உயர்வு இருவருக்கும் இல்லை. பெண்டஹாராவும் தெமெங்கோங்கும் மூத்தவர் பக்கம் சாய்ந்தார்கள், யாம்துவான் மூடா ராஜா ஜாபர் இளையவரை ஏற்றினார் என்பதே நடந்தது. இதைக் களவு என்பது எங்ஙனம்? வாக்குப் பிளவு என்று சொன்னால் பொருந்தும்.

ஜெர்மானிய தேசத்து வரலாறு அறிந்தவர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. பேரரசர் நான்காம் சார்லஸ் 1356-இல் வெளியிட்ட பொன்முத்திரைச் சாசனம், மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர் மூவரும், பொஹீமியா, பலாட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் அதிபதிகள் நால்வருமாக எழுவருக்குப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வகுத்தது. வேடிக்கை என்னவென்றால், மூத்த மகனுக்கே உரிமை என்னும் விதி அச்சாசனத்தில் உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுப்போரில் பேராயரல்லாத நால்வரின் பீடங்களுக்கு விதிக்கப்பட்டதே அன்றிப் பேரரசரின் பீடத்துக்கு அன்று. அந்தப் பீடங்களேனும் விதிப்படி நிலைத்தனவா? போரில் தோற்ற சாக்சனிக் கிளையிடமிருந்து உரிமை 1547-இல் அதே குலத்தின் மறுகிளைக்குப் போயிற்று. பலாட்டினேட்டின் உரிமை 1623-இல் பவேரியாவுக்குப் போயிற்று.

ராஃபிள்ஸ் நீதியை நிலைநாட்டினார் என்னும் வாதம் இதனினும் மெலிந்தது. நோபாட் என்னும் அரச முரசு உள்ளிட்ட ராஜசின்னங்கள் அப்போது பென்யெங்காட் தீவில் ஹமிதாவின் கையில் இருந்தன. அவர் அவற்றை அப்துல் ரகுமானுக்கும் ஈய மறுத்தார். 1822-இல் டச்சுக்காரர் பலவந்தமாகவே பறிக்க நேர்ந்தது. எனவே 1819 பிப்ரவரி 6-ஆம் நாள் சிங்கப்பூரில் ஹுசைன் அரியணை ஏறியபோது அவரருகே அச்சின்னங்கள் இல்லை. ஆண்டுக்கு ஐயாயிரம் ஸ்பானிய வெள்ளியும், தெமெங்கோங்குக்கு மூவாயிரமும் எழுதிய உடன்படிக்கையே இருந்தது. நம்மவர் நாராயண பிள்ளை மே மாதம் இங்கே கப்பலிறங்கியபோது அந்த உடன்படிக்கைக்கு வயது நான்கு மாதங்கூட நிறையவில்லை.

மூத்தவர் உரிமையைப் பேசிய ஆங்கிலேயரின் மன்னர் மூன்றாம் ஜார்ஜோ, 1692-இல்தான் தேர்வுரிமை பெற்ற ஹனோவர் குலத்தவர். இரத்த முறைப்படி முந்திய கத்தோலிக்கர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரை விலக்கி, 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் மகுடத்தை அடைந்த வம்சம் அது! ஹுசைன் 1835-இல் மலாக்காவில் மறைந்தபின், அவர் மகன் அலிக்குச் சுல்தான் பட்டத்தை முறையாக அங்கீகரிக்க அதே ஆங்கிலேயருக்கு இருபதாண்டு பிடித்தது. 1855-இல் அங்கீகரித்ததும், கேசாங்–மூவார் நீங்கலாக ஜொகூர் முழுவதையும் தெமெங்கோங் இப்ராஹிமுக்கு விட்டுக்கொடுக்கச் செய்த பின்னரே.

எஞ்சியது அபகரிப்புக் குற்றச்சாட்டு. 1699-இல் கோத்தா திங்கியில், மஹ்மூது என்னும் அதே பெயர் கொண்ட முந்தைய சுல்தான் வாரிசின்றிக் கொல்லப்பட்டபோது அரியணை ஏறியவர் பெண்டஹாரா அப்துல் ஜலீல். ஹுசைனும் அவர் வழித்தோன்றல், தெமெங்கோங்குகளும் அவர் வழித்தோன்றல்களே; ஆக, மந்திரி வீட்டார் மன்னராவது இங்கே ஹுசைனின் மூதாதையரே தொடங்கிவைத்த வழக்கம். அலி 1877-இல் இறந்தபோது மூவார்த் தலைவர்கள் அவர் மகன் ஆலமை விடுத்து, தெமெங்கோங் குலத்து அபூபக்கரை விரும்பினர். அதில் ஆங்கில ஆளுநரின் கண்ணசைவு இல்லையென்று நான் வாதிடமாட்டேன். 1885-இல் அபூபக்கர் சுல்தானாக அங்கீகாரம் பெற்றார். பகாங்கின் பெண்டஹாராவும் அக்காலத்தில் சுல்தானானார். பிராண்டன்பர்க் அதிபதி 1701-இல் பிரஷ்யாவில் மன்னராக முடிசூடியதை எவரும் திருட்டு என்று ஏசுவதில்லை.

இஸ்தானாவில் தலைமுறைகளாய் வாழ்ந்து வெளியேறிய ஹுசைன் குடும்பத்தாரின் மனவேதனை மெய். அதை நான் மறுக்கவில்லை. எனினும் தெலுக் பிளாங்காவில் தெமெங்கோங் இப்ராஹிமின் பெயர் தாங்கிய பள்ளிவாசலை ஒட்டிய கல்லறைகளையும் ஒருமுறை பார்த்துவருவது நன்று. அக்குலத்து இப்போதைய ஜொகூர் சுல்தானை 2023 அக்டோபரில் மலேசிய ஆட்சியாளர் மாநாடு மாமன்னராகத் தேர்ந்தெடுத்தது. ஒன்பது ஆட்சியாளரும் இரகசியமாய் வாக்களிக்க, எண்ணி முடித்ததும் அச்சீட்டுகளை அழித்துவிடுவது அங்கே வழக்கம்.