நிலமில்லாதவர்களின் அறுவடை: ஒரு செவிலியரின் பணி ஓய்வும் பொங்கலும்

பொங்கலை உழவர் திருநாள் என்கிறோம். புராணக் கதையும் புரோகிதரும் தேவைப்படாத விழா என்பதால் பெரியாரும் இதைத் தமிழர் விழாவாக ஏற்றுக்கொண்டார். நமக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் நிலமே இல்லாதவர்களுக்கு எது அறுவடை? தருமபுரி மாவட்டத்தின் கேழ்வரகுக் கொல்லையிலும் கடலைக் காட்டிலும் களை எடுத்த கைகள் காலனியைச் சேர்ந்தவை. பட்டாவில் இருக்கும் பெயர்கள் வேறு.

எங்கள் வீட்டுப் பானையில் பொங்கியது அம்மாவின் சம்பளத்தில் வாங்கிய அரிசி. கிராம சுகாதார செவிலியராக 33 ஆண்டுகள் வேலை பார்த்த அம்மா, இந்தச் சனவரி 31 மாலையோடு ஓய்வு பெறுகிறார். ஆகவே இந்தப் பொங்கலையே அவருடைய பணி ஓய்வு விழாவாகவும் கொண்டாடினோம். மண்டபம், சால்வை, மேடை எதுவும் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். "மேடை ஏறுனா சேவை, தியாகம்னு பேசுவாங்க. நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்" என்றார்.

அம்மா மறுத்த அந்தச் சொல்லைத்தான் நாம் பேச வேண்டும். தோழர்களே, 'சேவை' என்ற சொல்லுக்குச் சாதி உண்டு. பிரசவ இரத்தத்தைத் தொடுவதும் தொப்புள்கொடி அறுப்பதும் நம் ஊர்களில் குறிப்பிட்ட சில சாதிப் பெண்களின் கடமையாக வைக்கப்பட்டிருந்தன. மருத்துவச்சிக்குக் கூலி பேசும் உரிமை இல்லை. படி அளந்து கொடுத்ததை முந்தானையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று அரசுச் செவிலியர் தொடுவதும் அதே இரத்தத்தைத்தான். ஆனால் அந்த வேலைக்குப் பயிற்சி, இடஒதுக்கீடு, ஊதிய விகிதம், ஓய்வூதியம் எல்லாம் வந்தபோதுதான் அது குலத்தொழிலாக இல்லாமல் போனது. அதைச் சேவை என்று அழைப்பது, மறுபடியும் படி அளக்கும் காலத்துக்கு இழுத்துப்போவது.

வேலை மாறியதால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஊர்த்தெருவில் முகத்துக்கு நேரே அம்மா 'நர்சம்மா'. முதுகுக்குப் பின்னால் சாதிப் பெயர். ஒரு பொங்கலன்று விடியற்காலையில் எங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஒரு வீட்டுக்குப் பிரசவம் பார்க்க ஓடினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திண்ணையில் உட்காரவைத்து, செம்பைக் கையில் கொடுக்காமல் உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளையை முதலில் தொட்ட கைக்குச் சொம்பைத் தொட அனுமதியில்லை.

2012 நவம்பர் 7 ஒரு புதன்கிழமை. தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்குப் புதன் தடுப்பூசி நாள். அன்று மாலைதான் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்த ஆறாம் நாள் தீபாவளி. அதற்கு மறுநாள் மீண்டும் புதன். அம்மா தடுப்பூசிப் பெட்டியோடு ஊர்த்தெருவுக்குள்தான் போனார். குழந்தைகள் ஊசிக்குக் காத்திருந்தார்கள். பயம் இருந்ததா என்று பிற்பாடு கேட்டேன். "இருந்துச்சு. ஆனா வருகைப் பதிவேட்டுல என் பேரு இருக்கே" என்றார்.

பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டம் இது. இங்கே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 2001-இல் 826 பெண்கள் இருந்தனர். 2011-இல் அது 913 ஆனது. தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கர்ப்பிணிகளை வீடு வீடாகத் தேடிப் பதிவு செய்து, பிறந்த பெண் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த செவிலியர்களின் நடையை யாரும் பேசுவதில்லை.

இந்த உழைப்புக்கான அறுவடைதான் ஓய்வூதியம். அம்மாவுக்கு அது கிடைக்கும். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு? 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களைப் பழைய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து அரசு வெளியேற்றியது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்களுக்குக் கொடுத்தது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார வேண்டியிருந்தது. கொரோனாவுக்கு எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 திசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள், பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. கைதட்டி விளக்கேற்றி 'தேவதைகள்' என்று கொண்டாடப்பட்டவர்கள் இவர்கள்தான். தேவதைகளுக்குச் சம்பளப் பட்டியல் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

ஒப்பந்தம் என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல. நிலம் மறுக்கப்பட்ட சமூகங்கள் இரண்டு தலைமுறையாகக் காலூன்றிய ஒரே இடம் நிரந்தர அரசு வேலை. என்னை முனைவர் பட்ட ஆய்வு வரை கொண்டுவந்ததும் அதுதான். அதை ஒப்பந்தமாகவும் தொகுப்பூதியமாகவும் துண்டுபோடுவது, பட்டாவில் மறுபடியும் நம் பெயரை அடிப்பதற்குச் சமம்.

எனவே செவிலியர் போராட்டத்தைச் சம்பளப் பிரச்சனை என்று ஒதுக்கிவிட முடியாது. அது சாதி ஒழிப்பின் பொருளாதாரப் பகுதி. அடுத்த முறை அவர்கள் பந்தலில் உட்காரும்போது நன்றி சொல்லிவிட்டு நகராமல், பக்கத்தில் உட்காருவோம். நிரந்தரப் பணி, முழு ஊதியம், ஓய்வூதியம் என்ற மூன்றையும் சேர்ந்து கேட்போம்.