கடைச் சாவி யாரிடம் போகும்?

2000-ல் பெங்களூரில் 14 வயது சுஹாஸ் கோபிநாத் ‘குளோபல்ஸ்’ என்ற தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். 18 வயது ஆகாதவர் இந்தியாவில் நிறுவன இயக்குநராக முடியாது என்பதால் அமெரிக்காவில் பதிவு செய்தார். ‘ஆர்வமும் உழைப்பும் இருந்தால் போதும்’ என்பதற்கு இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன்.

இணையத்துக்குக் கொடுக்கக் காசில்லாத அவர், மதியம் மூடிக்கிடக்கும் பிரவுசிங் சென்டரைத் தான் திறந்து பார்த்துக்கொள்வதாகவும், பதிலுக்கு இலவசமாக இணையம் வேண்டும் என்றும் கேட்டார். கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அந்த நம்பிக்கைதான் முதல் மூலதனம்.

எங்கள் இலுப்பூர்ப் பக்கம் சேரிப் பையன் ஒருவன் அப்படிக் கேட்டால்? ‘நீ எந்தத் தெரு?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். டம்ளரையே பிரித்து வைக்கும் சமூகமா கடைச் சாவியை நம்பிக் கொடுக்கும்?

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் அரசு 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. தேவையான திட்டம்தான். ஆனால் அது தொழில் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு. 14 வயதுப் பிள்ளைக்கு வேண்டியது கணினி முன் தினமும் மூன்று மணி நேரம்.

அரசுப் பள்ளி ஹைடெக் லேப்கள் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கட்டும். பொறுப்பை மாணவர்களே முறைவைத்துப் பார்க்கட்டும். சாவி எல்லாத் தெருவுக்கும் போய் வரட்டும். தோழர்களே, திறமையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.