பூட்டு குற்றமா?

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு மறைவு எதற்கு? இந்தக் கேள்வி கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கிறது. ஆளுவோர் கேட்கிறார்கள், அவர்தம் அடிவருடிகள் எதிரொலிக்கிறார்கள். பகலெல்லாம் உழைத்து, அலுத்து, அந்தியில் வீடு திரும்பும் நம் தோழர்களிலும் சிலர், "நாம் என்ன திருடவா போகிறோம், நமக்கேன் இந்தக் கவலை?" என்று கூறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்கிறோம் நாம்.

2023-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் டில்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மத்திய சர்க்கார் 14 கைப்பேசிச் செயலிகளுக்குத் தடை விதித்தது. பிரையர், எலிமெண்ட், திரீமா, விக்கர் மீ ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களிற் சில. காரணம் என்ன? காஷ்மீரத்தில் பயங்கரவாதிகள் இவற்றின் மூலம் பேசிக்கொள்கிறார்களாம்!

பயங்கரவாதியைப் பிடிக்கட்டும், கூண்டிலேற்றட்டும், தண்டிக்கட்டும். வேண்டாமென்றவர் யார்? ஆனால் திருடன் இரயிலேறித் தப்பினான் என்பதற்காகத் தண்டவாளத்தையே பெயர்த்தெடுப்பார் உண்டோ? பிரையரும் எலிமெண்டும் மூலநிரலை ஊரறியத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள். அந்த எலிமெண்டின் அடித்தளத்தின்மீதுதான் பிரெஞ்சு அரசாங்கம் தன் ஊழியர்களுக்கான செய்திச் செயலியை எழுப்பியிருக்கிறது. ஜெர்மன் இராணுவமும் எழுப்பியிருக்கிறது. அங்கே அமைச்சரகத்தைக் காக்கும் பூட்டு, இங்கே நாட்டைக் கெடுக்கும் பூட்டாகிவிட்டதா? துரைமார் கையில் இருந்தால் பாதுகாப்பு, தொழிலாளி கையில் இருந்தால் சதியா?

இந்தக் கருவிதான் என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் வாதாடுவது நமக்கு அழகல்ல.

2007-ஆம் ஆண்டு வெளிவந்த 'டார்சாட்' என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வேறொரு கணினியில் செருகித் திறந்தால் ஓடும். பேசி முடித்ததும் பிடுங்கிக்கொண்டு புறப்படலாம். பெயர் கேட்காது. தொலைபேசி எண் கேட்காது. 16 எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி ஒன்று உண்டு. அதுவே ஆளுக்கு அடையாளம். நடுவிலே எல்லோர் கணக்கையும் வைத்திருக்கும் சர்வர் கிடையாது. ஆகவே, "உன் பேரேட்டைக் கொண்டுவா" என்று அதட்டி வாங்கப் பேரேடும் கிடையாது!

சேதி போகும் வழி அதைவிட விந்தை. அந்த வழிக்குப் பெயர் வெங்காயம்! சிரிக்காதீர்கள் தோழர்களே, 'டார்' என்ற வலையமைப்பின் பெயருக்குள்ளே இருப்பது வெங்காயம்தான். சேதியைத் தோலுக்குமேல் தோலாகச் சங்கேதத்தில் சுற்றி அனுப்புகிறார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் ஒரு தோலை மட்டும் உரிக்கிறது. அடுத்து எங்கே தள்ளவேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். டார்சாட்டில் இருவர் பேசினால், இவர் பக்கம் மூன்று நிலையங்கள், அவர் பக்கம் மூன்று நிலையங்கள், நடுவழியிலே சந்திப்பு. ஒருவரை அறிந்த நிலையத்துக்கு மற்றவர் யாரென்று தெரியாது. உள்ளே இருக்கும் சேதியோ, எந்த நிலையத்துக்கும் தெரியாது.

டார்சாட் இன்று இல்லை. அது பயன்படுத்திய பழைய முகவரி முறையை டார் வலையமைப்பே 2021-இல் கைவிட்டுவிட்டது. ஆனால் வித்து அழியவில்லை. 2014-இல் வந்த ரிக்கோஷே அதே வழியில் நடந்தது. அதன் வாரிசு, 56 எழுத்து முகவரியோடு வந்தது.

சரி, இந்த வெங்காய வழியைக் கண்டுபிடித்தவர் யார்? கள்ளக்கடத்தல்காரரா? கொள்ளைக்கூட்டத்தாரா? அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடம்! 1990-களின் நடுவில் அங்கே பிறந்த எண்ணம் இது. 2002-இல் டார் வலையமைப்பாக உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏன் திறந்தார்கள்? தான தருமமா? இல்லை, தேவை! கடற்படையார் மட்டுமே நடக்கும் பாதையென்றால், அதிலே நடந்து வருபவன் எவனும் கடற்படைக்காரன் என்று எதிரி எளிதிலே கண்டுகொள்வானே! மாணவனும் மருத்துவரும், எழுத்தாளனும் ஏழைத் தொழிலாளியும் கலந்து நடந்தால்தான் யார் எவர் என்று விளங்காது. கூட்டம்தான் அங்கே கவசம்.

இந்த உண்மை நமக்குப் புதியதா? தேர்தல் நாளன்று அட்டை மறைப்புக்குள்ளே நின்றுதானே பொத்தானை அழுத்துகிறோம்! வாக்களிப்பின் இரகசியத்தைக் காப்பது அதிகாரிகளின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. ஆலை முதலாளிக்கு வேண்டியவனும் மறைப்புக்குள்ளேதான் போகிறான். வேண்டாதவனும் மறைப்புக்குள்ளேதான் போகிறான். "எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, வெளியிலே நின்றே வாக்களிக்கிறேன்" என்று பாதிப்பேர் கிளம்பிவிட்டால் என்ன ஆகும்? மறைப்பைத் தேடும் மீதிப்பேர்மீது முதலாளியின் கண் விழும். மறுநாள் அவன் வேலைக்கு உலை வைக்கப்படும். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் மறைப்புக்குள் நுழைவது தனக்காக அல்ல. தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் தோழனுக்காக!

பூட்டைக் கண்டு அஞ்சுவது ஆளுவோரின் பழைய வியாதி. 1991-இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர், கடிதங்களைச் சங்கேதமாக்கும் மென்பொருளைச் செய்து மக்களுக்கு இலவசமாக வழங்கினார். அந்நாட்டுச் சட்டம் சங்கேதத்தைத் தளவாடப் பட்டியலிலே வைத்திருந்தது. உரிமமின்றி ஆயுதத்தை ஏற்றுமதி செய்தாரோ என்று அவர்மீது விசாரணை நடந்தது. 1995-இல் அந்த நிரல் முழுவதையும் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டார்கள். புத்தகத்தையும் பீரங்கி என்பார்களோ! 1996 ஜனவரியில் விசாரணை கைவிடப்பட்டது.

"கயவரும் இதைப் பயன்படுத்துகிறார்களே?" உண்மை. மறுக்கமாட்டோம், மறைக்கவும் மாட்டோம். ஜெர்மனியில் குழந்தைகளைச் சீரழித்த படங்களைப் பரப்பிய கொடியவர் கும்பலொன்று டார் வலையில் பதுங்கியிருந்தது. அதன் தலைவர்களில் ஒருவன் ரிக்கோஷேயில் பேசினான். போலீசார் என்ன செய்தார்கள்? பூட்டைத் தடை செய்தார்களா? நிலையங்களை நெடுங்காலம் கண்காணித்து, சேதி புறப்படும் நேரத்தையும் போய்ச்சேரும் நேரத்தையும் ஒப்பிட்டு, அவனைத் தேடிப் பிடித்தார்கள். 2021-இல் கும்பல் உடைந்தது; 2022-இல் தண்டனை வந்தது. உழைத்தால் குற்றவாளியைப் பிடிக்கலாம். உழைக்கச் சோம்பும் போலீசுக்குத்தான் ஊரார் சாவியெல்லாம் வேண்டும்!

இங்கே என்ன நடக்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நான்காண்டுகூட முடியவில்லை, 2021-இல் புதிய விதிகள் வந்தன. 50 இலட்சம் பேருக்குமேல் பயன்படுத்தும் செய்திச் செயலிகள், ஆணை வந்தால், ஒரு சேதியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டவேண்டுமாம். ஒருவனைக் காட்டவேண்டுமானால், ஒவ்வொருவன் சேதியிலும் முன்கூட்டியே முத்திரை குத்தி வைக்க வேண்டாமா? குற்றவாளி ஒருவனுக்காகக் கோடிப்பேர் கையிலும் ரேகை உருட்டுவதா? வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டே டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கம்பெனி தன் வாணிபத்துக்காக வாதாடுகிறது. மக்களுக்காக வாதாட வேண்டியவர்கள் நாம்.

தோழர்களுக்கும் ஒரு சொல். பூட்டு, உள்ளே இருக்கும் காட்டிக்கொடுப்பவனைத் தடுக்காது. கைப்பேசியே பிறர் கைக்குப் போனால் எந்தச் சங்கேதமும் காப்பாற்றாது. பெயர் தெரியாது என்ற துணிவிலே பொய்யைப் பரப்புவதும், பெண்களை இழித்துரைப்பதும் வீரமல்ல, ஈனம். மேடையிலே பேசவேண்டியதை மேடையிலே முழங்குவோம். சங்கம் அமைக்கத் துணிந்தவன் பெயரை, முதலாளியின் ஊழலை வெளியிட்டவன் பெயரை, பூட்டிக் காப்போம்.

டில்லி ஆட்சியாளரைக் கேட்கிறோம்: 14 செயலிகளில் எது என்ன குற்றம் செய்தது? தனித்தனியே சொல்லுங்கள், சொல்ல இயலாவிடில் தடையை நீக்குங்கள். அனைவர் சேதிக்கும் முத்திரை குத்தச் சொல்லும் விதியைத் திரும்பப் பெறுங்கள். மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிய உங்களுக்கு ஆசையா? ஒட்டுக்கேட்க வேண்டாம், நேரிலே வந்து கேளுங்கள். உரக்கவே சொல்லக் காத்திருக்கிறார்கள்!