தெருவிளக்கு எரிய ஹைட்ரஜன் எதுக்கு? தூத்துக்குடி துறைமுகத் திட்டத்தின் கணக்கு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் பசுமை ஹைட்ரஜனில் இருந்து மின்சாரம் தரும் சோதனைத் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். 'சோலார் பேனலும் பேட்டரியும் போதாதா, நடுவுல ஹைட்ரஜன் எதுக்கு?' என்று தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான்.

பகலில் கிடைக்கும் சோலார் மின்சாரத்தைத் தண்ணீரில் பாய்ச்சினால், அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரியும். ஆற்றல் ஹைட்ரஜனுக்குள் தங்கிவிடும். வேண்டும்போது 'ஃப்யூயல் செல்' கருவியில் அதை மறுபடி ஆக்சிஜனோடு சேர்த்தால் மின்சாரம் திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

சிக்கலே இங்கதான். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. அந்தக் கிலோ திருப்பித் தருவது ஏறக்குறைய 16 முதல் 18 யூனிட். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு! லித்தியம் பேட்டரியில் 100 யூனிட் போட்டால் 85 வரையாவது வந்துவிடும். ஆக, தெருவிளக்கு மட்டும்தான் நோக்கம் என்றால் இது நஷ்டக் கணக்கு.

ஆனால் பேட்டரியை வைத்து உரம் தயாரிக்க முடியாது. யூரியாவுக்கான அம்மோனியாவில் உள்ள ஹைட்ரஜன் இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கப்பல் எரிபொருளும் அப்படித்தான். கடல் தாண்டும் சரக்குக் கப்பலை பேட்டரியில் ஓட்டுவது இப்போதைக்கு நடக்கிற காரியம் இல்லை. தூத்துக்குடியில் கப்பல்களுக்கு பசுமை மெத்தனால் நிரப்பும் மையத்துக்கும் 35.34 கோடி ரூபாயில் அடிக்கல் நாட்டியிருப்பது இதனால்தான். தெருவிளக்கு வெறும் டெமோ. மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான ஹைட்ரஜன்தான் இதில் வரும். நாட்டின் இலக்கோ 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

தண்ணீர்?

ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். கோடையில் குடத்தோடு நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டதும் பகீர் என்றிருக்கும். கடல்நீரைச் சுத்திகரிக்கலாம், 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட்தான் ஆகும், பெரிய செலவில்லை. ஆனால் நன்னீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் அடர்ந்த உப்புநீர் எங்கே போகும்? பக்கத்திலேயே பவளப்பாறைகள் உள்ள மன்னார் வளைகுடா. பெரிய ஆலைகள் வரும்போது சுற்றுச்சூழல் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான்.