அங்கே இப்போது மணி என்ன?



ஜூன் பிறந்ததும் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கத்திரி போய்விட்டது, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, இனி எப்போது வேண்டுமானாலும் ஒரு மழை பெய்யும். ஆனால் ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், கன்னியாகுமரி என்று பல மாவட்டங்களில் இருக்கும் நம் வாசகர்களின் வீட்டு ஆட்கள் வேலை பார்க்கும் துபாயில் நிலைமை வேறு. அங்கே உண்மையான வெயில் காலம் அப்போதுதான் ஆரம்பம். செப்டம்பர் பாதி வரை அது விடாது.

"இங்கேயும்தான் வெயில் கொளுத்துச்சு, நாங்க தாங்கலையா?" என்று போனில் சொல்கிறோம். வேலூர் வெயிலையும் திருத்தணி வெயிலையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் இரண்டும் ஒரே வெயில் இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

துபாயில் ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சராசரியாகவே 41 டிகிரி. சில நாட்களில் 45-ஐயும் தாண்டும். உள்நாட்டுப் பாலைவனப் பக்கம் இன்னும் கடுமை. அபுதாபி அமீரகத்தில் இருக்கும் ஸ்வெய்ஹானில் 2025 ஆகஸ்ட் 1 அன்று 51.8 டிகிரி பதிவானது.

டிகிரியை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பாலைவனம் என்றால் காய்ந்த காற்று என்று நினைக்கிறோம். துபாயோ கடற்கரை நகரம். அதை ஒட்டிய வளைகுடா ஆழம் குறைந்த கடல். சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். கோடையில் அந்தக் கடல் நீரே 33, 34 டிகிரிக்குச் சூடேறி, ஆவியாகிக் காற்றில் நிற்கிறது. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? அந்த ஈரக் காற்றில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். இரவிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏசி அறையிலிருந்து வாசலுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி நொடியில் மங்கிவிடும்.

குடும்பத்தோடு அங்கே இருப்பவர்களைக் கேட்டால், கோடையைக் குளியலறைக் குழாயே சொல்லிவிடும் என்பார்கள். மொட்டைமாடித் தொட்டி நாள் முழுக்கக் காய்வதால், பச்சைத் தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் பல வீடுகளில் வாட்டர் ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு, ஹீட்டர் குழாயைத் திறந்து குளிக்கிறார்கள். ஹீட்டர் ஏசி போட்ட வீட்டுக்குள் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் ஆறியிருக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கிளம்புவதால் விமான டிக்கெட் விலை எகிறிவிடும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சில மாதச் சேமிப்பு. வர முடியாதவர்களின் பிள்ளைகள் இரண்டு மாதமும் நான்கு சுவருக்குள்தான். வாக்கிங் போக ஷாப்பிங் மால், கடலில் கால் நனைக்க ராத்திரி. ஜுமேரா, உம்மு சுகைம் பக்கம் இரவிலும் குளிக்கலாம் என்று 2023-லிருந்து விளக்குப் போட்ட கடற்கரைகளே இருக்கின்றன. பள்ளிவாசல் முற்றங்களில் தொழுபவர்கள் வெயிலில் வாடக்கூடாது என்று, கோடை மாதங்களில் வெள்ளிக்கிழமைக் குத்பா உரையையும் தொழுகையையும் 10 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்கிறது அரசு.

கவனித்தீர்களா? நகரமே தன் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்கிறது. இது புதிய பழக்கமும் இல்லை. கரண்ட் வராத காலத்தில் வீட்டுக்கு மேலே பர்ஜீல் என்ற காற்றுக் கோபுரம் கட்டி, மேலே வீசும் காற்றைக் கீழே அறைக்குள் இறக்கினார்கள். துபாயின் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். வசதிப்பட்டவர்கள் கோடைக்கு அல் ஐன் போன்ற பேரீச்சந்தோப்புப் பகுதிகளுக்குப் போய்விடுவார்கள். பாலைவனத்தில் பிறந்தவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டியதில்லை. நேரம் பார்த்து ஒதுங்கினார்கள்.

அப்படி ஒதுங்க முடியாதவர்கள் யார்? கட்டட சைட்டில் கம்பி கட்டுகிறவர், சாலை போடுகிறவர், பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறவர். நம் வீட்டு ஆட்களில் பலர் இந்த வேலைகளில்தான் இருக்கிறார்கள்.

இவர்களில் சைட்டிலும் சாலையிலும் வேலை செய்பவர்களுக்காக ஐக்கிய அரபு அமீரகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், 50,000 வரை அபராதம். பாதியில் நிறுத்த முடியாத சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கேயும் நிழலும் குளிர்ந்த குடிநீரும் தந்தாக வேண்டும். சவுதி, குவைத், கத்தாரிலும் இதே போன்ற விதி இருக்கிறது, நேரம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

இந்த இடத்தில்தான் நாம் வருகிறோம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர்களின் 12.30 நமக்குப் பிற்பகல் 2 மணி. அவர்களின் 3 மணி நமக்கு மாலை 4.30. நாம் டீ போடும் நேரத்தில்தான் நம் வீட்டு ஆள் மறுபடி வெயிலில் இறங்குகிறார்.

அந்த இரண்டரை மணி நேரத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்? "இப்போ ஃப்ரீயாத்தான் இருப்பார்" என்று போன் போடுகிறோம். நகைக்கடன் வட்டி, அண்ணன் வீட்டுச் சண்டை, பிள்ளையின் ஃபீஸ் எல்லாவற்றையும் கொட்டுகிறோம். சொல்லாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் கால் நீட்டிப் படுப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் சட்டம் போட்டு வாங்கித் தந்த நேரம். அதை நாம் எடுத்துக்கொள்ளலாமா?

பேச்சை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதையும் நம் கடிகாரத்தில் 10.30-க்குள் முடித்துவிடுங்கள். கோடையில் சைட் விடியற்காலையே தொடங்கிவிடும். தங்கும் கேம்ப்பிலிருந்து பஸ் கிளம்பும் முன் அவர் எழுந்து சோறு கட்ட வேண்டும். தூக்கம் குறைந்த உடம்பால் வெயிலைத் தாங்க முடியாது.

கேட்கும் கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். வீட்டைக் கலங்க வைக்கக் கூடாது என்று அவர்கள் பழகிக்கொண்ட பதில் அது. அதற்குப் பதிலாக, "இன்னைக்கு எத்தனை பாட்டில் தண்ணி குடிச்சீங்க? யூரின் என்ன கலரில் போகுது?" என்று கேளுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. வெயிலில் வேலை செய்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அடிக்கடி இப்படி நீர் வற்றினால் கல் சேரும், சிறுநீரகமே கெடலாம்.

ஊரிலிருந்து அனுப்பும் பெட்டியில் முறுக்கும் ஊறுகாயும் வைக்கிறோம், கூடவே வலி மாத்திரையும் வைக்கிறோம். உடம்பு வலிக்குது என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை, தண்ணீர் வற்றிய நிலையில் தினமும் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துவிட்டு ஓஆர்எஸ் பாக்கெட் வையுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

லீவு முடிந்து திரும்புகிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஊரில் சில வாரம் ஓய்வாக இருந்தாலே அந்தப் பழக்கம் விட்டுப்போகும். புதிதாகப் போகிறவருக்கும் லீவிலிருந்து திரும்புகிறவருக்கும் முதல் சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இறங்கிய மறுநாளே ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். கடன் கொஞ்சம் தாமதமாக அடையட்டும், பரவாயில்லை.

கூட வேலை செய்பவர் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அதைச் சாதாரணக் களைப்பு என்று விடக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 998-க்குப் போன் செய்ய வேண்டும். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் அதுதான். இதை அவர் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

துபாயிலேயே குடும்பத்தோடு இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நண்பகலில் சாப்பாடு ஆர்டர் செய்வதைக் கோடையில் குறைத்துக்கொள்ள முடியுமா? முடியாத நாளில், கதவைத் தட்டும் பையனுக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரோ லபான் மோரோ கொடுத்து அனுப்புங்கள். அவன் தாமதமாக வந்தான் என்று ஸ்டாரைக் குறைக்காதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் நட்சத்திரம் தெரிந்தால் வெயில் இறங்கப் போகிறது என்று அரபு நாட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதுவரை நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போன் செய்யும் நேரத்தை மாற்ற வேண்டும், கேள்வியை மாற்ற வேண்டும், மாதக் கடைசியில் பணத்துக்கு அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். அவர் அனுப்பும் பணத்தில் வீடு நடக்கிறது என்றால், அவர் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலைகளில் ஒன்றுதானே? இன்று இரவு பேசும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்