கல்லாப் பெட்டியும் பேசும் பெட்டியும்



வத்தல்மலைக் கடைகளிலும் இப்போது பேசும் பெட்டி வந்துவிட்டது. டீக்கடை, மளிகைக் கடை, பஜ்ஜிக் கடை என்று எங்கு போனாலும் பிஸ்கட் டப்பாவின் மேல் ஒரு சதுரக் கட்டம் போட்ட அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருகிற இளைஞர்கள் சட்டைப்பையில் பத்து ரூபாய்கூட வைத்திருப்பதில்லை. "அண்ணா, ஜிபே இருக்குங்களா?" என்று கேட்ட பிறகுதான் டீயே சொல்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே அட்டை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துபோனதாகும். இனி பேச வேண்டியது, அந்த அட்டை நம் கடைக்கு வேலைக்காரனா, முதலாளியா என்பதுதான்.

யு.பி.ஐ. என்னும் இந்த ஏற்பாட்டை தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நாம் பட்ட பாட்டை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். அதன் பிறகே இது கடைத்தெருவுக்கு வந்தது. 2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து இப்படி வரும் பணத்துக்கு வணிகரிடம் கழிவு பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட முறை இப்படிப் பணம் கைமாறியிருக்கிறது.

இதனால் நமக்கு நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய். சில்லறைத் தகராறு பெரும்பாலும் ஒழிந்தது. மீதி ஒரு ரூபாய்க்கு சாக்லேட் கொடுத்து ஏச்சு வாங்கியது நாம்தானே? பத்து ரூபாய் நாணயத்தை வாடிக்கையாளர் வாங்க மறுப்பதும், நாம் கொடுத்ததை மண்டிக்காரர் திருப்பித் தருவதும், ரிசர்வ் வங்கி செல்லும் என்று எத்தனை முறை அறிவித்தாலும் நம் மாவட்டங்களில் தீராத சங்கடமாக இருந்தது. கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு பயமும் இல்லை. இரவு கடை சாத்திவிட்டுப் பணக்கட்டோடு மலைப்பாதையில் இறங்க வேண்டிய அச்சமும் குறைந்தது.

ஆனால் மலைக்கு மேல் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. கீழே நகரத்துக் கடைக்காரர்களுக்கு இது கண்ணில் படாது.

மலை வியாபாரம் ஒரு சுற்று. வெளியூர்க்காரர் கொடுக்கும் ரொக்கம் கல்லாவில் விழும். அந்த ரொக்கத்தைக் கொண்டுதான் பெரியூர், பால்சிலம்பு பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் மிளகையும் காப்பிக் கொட்டையையும் சாமையையும் கடைக்காரர் வாங்குவார். அந்த விவசாயி அதே பணத்தில் அரிசியும் எண்ணெயும் வாங்குவார். பணம் மலையை விட்டு இறங்காமலே நான்கு கை மாறும். இப்போது முதல் கண்ணியே அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை 6,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதில் 5,000 ரூபாய் தர்மபுரி வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை காலை இரண்டு கிலோ மிளகைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருகிற பெரியவருக்குக் கொடுக்கக் கல்லாவில் காசு இல்லை. "போன்ல போட்டுவிடட்டுங்களா?" என்றால், "எனக்கு அந்தப் போனெல்லாம் இல்ல சாமி, கையில குடு" என்கிறார். அவர் சொல்வதில் என்ன தவறு? மகன் போனில் போட்டால் அந்தப் பணம் மகனுடையதாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைக்காரர் என்ன செய்வார்? கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பெட்ரோல் செலவழித்து, கீழே போய்த் தன் பணத்தைத் தானே எடுத்து வர வேண்டும். சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் ஏ.டி.எம்.மில் மாதாந்திர இலவச எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தை 23 ரூபாய் வரை வசூலிக்க ரிசர்வ் வங்கி 2025 மே 1 முதல் அனுமதித்திருக்கிறது. போகாவிட்டால், கையில் ரொக்கத்தோடு வருகிற வெளியூர் வியாபாரி அந்த மிளகைக் கிலோவுக்கு இருபது, முப்பது குறைத்துப் பேசி வாங்கிப் போய்விடுகிறார். நட்டம் கடைக்காரருக்கு மட்டுமல்ல, விவசாயிக்கும்தான். பணமில்லாப் பரிவர்த்தனை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

எனவே என் கருத்து இதுதான். மலைக் கடைக்காரர் தம் கொள்முதலுக்கு வாரத்தில் எவ்வளவு ரொக்கம் தேவை என்பதைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கல்லா நிரம்பும் வரை ரொக்கத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். "காசாக் குடுத்தா உதவியா இருக்கும்" என்று முகம் மலரக் கேட்டால் பாதிப் பேர் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம், அவ்வளவே.

அடுத்தது சிக்னல் சங்கதி. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போகும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பேசும் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பணம் வந்த செய்தி அந்த சிம் வழியாகத்தான் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். பணம் வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து நம் வங்கிக்குப் போவது ஒரு வழி. செய்தி பெட்டிக்கு வருவது வேறொரு வழி. ஆகவே பெட்டி பேசவில்லை என்பதால் பணம் வரவில்லை என்று ஆகிவிடாது. வாடிக்கையாளர் தம் போனைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டுவதால் பணம் வந்துவிட்டது என்றும் ஆகிவிடாது. அதே மாதிரி போலித் திரையைக் காட்டும் செயலிகள் உலவுகின்றன. கூட்டமான நேரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்குப் போலி டிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் மலைக்கும் வருகிறார்கள்.

இதற்காக ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டு நிற்க வைத்தால் வியாபாரம் கெட்டுவிடும். சிறு தொகையானால் பேர், நேரம், தொகை மூன்றையும் ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டு அனுப்பிவிடலாம். பெரிய தொகையானால் நம் வங்கிக் குறுந்தகவல் வரும் வரை, அல்லது நம் செயலியில் வரவு தெரியும் வரை, டீ ஒன்று கொடுத்து உட்கார வைப்பதே முறை. வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய், நம் கணக்கில் ஏறாமல் நடுவில் நின்றுவிட்டால் ஐந்து நாளுக்குள் அது தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு நட்டஈடு. இந்த ஒரு விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "உங்க பணம் எங்கேயும் போகாதுங்க, இன்னைக்கு ரொக்கமா குடுங்க" என்று நிதானமாகச் சொன்னால் பாதிச் சண்டை தீரும். மின்வெட்டு போல இதற்கும் ஒரு வெட்டு உண்டு என்பதை 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் யு.பி.ஐ. முடங்கியபோது சென்னைக்காரர்களும் கண்டுகொண்டார்கள். நமக்கு அது வாரா வாரம் நடக்கிற கதை!

பெட்டி வாடகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவு இல்லை, இலவசம் என்று சொல்லித்தான் ஒட்டிவிட்டுப் போனார்கள். பிறகு பார்த்தால் பேசும் பெட்டிக்கு மாதாமாதம் வாடகை பிடிக்கப்படுகிறது. அதுவும் கேட்டு வாங்குவதில்லை, நம் வரவிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். மாதத்தில் பத்து நாள் சிக்னல் இல்லாமல் ஊமையாகக் கிடந்த பெட்டிக்கும் முழு வாடகை. என் பெட்டி அப்படிக் கிடந்தபோது நான் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் நன்றி சொல்லி முடித்துக்கொண்டது. சிறு வணிகர் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு ஊக்கத்தொகையாக 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது வங்கிகளுக்கும் இந்த ஏற்பாட்டை நடத்துகிறவர்களுக்கும் போகிற பணம். நம் பெயரைச் சொல்லி வருகிற பணத்தில் நம் பெட்டி வாடகையைக் கழிக்கச் சொல்வது நியாயமான கோரிக்கையே.

வரி விஷயத்துக்கு வருகிறேன். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2025 ஜூலையில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வணிகவரித் துறை நான்கு ஆண்டு யு.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து, சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு வந்த நோட்டீஸில் 29 லட்சம் ரூபாய் வரி கேட்டிருந்தார்கள். காய்கறிக்கு ஏது ஜி.எஸ்.டி.? பெங்களூரில் கடை கடையாக அட்டையைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். வணிகர்கள் போராட்டத்தில் இறங்கிய பின், முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்றார்.

அட்டையைக் கிழிப்பதை நான் ஆதரிக்கவில்லை. கிழித்தாலும் பழைய வரவு வங்கியில் அழியப் போவதில்லை. வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போவதுதான் மிச்சம். நாம் கற்க வேண்டியது வேறு. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் அதே கடையில் டீ, டிபன் போட்டு விற்றால் அது சேவைக் கணக்கில் சேர்ந்து வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். மலையில் பெரும்பாலான கடைகள் இரண்டும் கலந்தவைதான். வரியில்லாத அரிசி, காய்கறி மட்டுமே விற்பவருக்குப் பதிவே வேண்டாம். ஆனால் ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் சேர்ந்தாலும் வரியில்லாத சரக்கின் விற்பனையும் சேர்த்துத்தான் விற்றுமுதல் கூட்டப்படும். வரம்பைத் தாண்டுகிறவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். ஒன்றரைக் கோடி வரை விற்கும் சரக்கு வியாபாரி இணக்கமுறையில் பதிந்துகொண்டு 1 சதவீதம் கட்டிப் போகலாம்.

இதைவிட ஆபத்தானது, கடை அட்டையும் வீட்டுக் கணக்கும் ஒன்றாக இருப்பது. மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம், மகள் அனுப்பிய திருவிழாச் செலவு எல்லாம் அதே அட்டையில் வந்து விழுகிறது. துறையின் கணினிக்கு மச்சானும் தெரியாது, மாரியம்மன் திருவிழாவும் தெரியாது. அதற்கு எல்லாமே விற்பனை. ஆகவே கடைக்கென்று தனிக் கணக்கு இன்றே தொடங்க வேண்டும். நாள் முடிவில் அட்டை வரவு இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று பேரேட்டில் மூன்று வரி எழுதி வைத்தவரிடம் எந்த அதிகாரியும் சும்மா வந்து 29 லட்சம் கேட்க முடியாது. நம் தாத்தாக்கள் எழுதிய பேரேடுதான், புதிதாக ஒன்றும் இல்லை.

கடன் என்றதும் இன்னொன்று. அட்டை வரவைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு லட்சம் கடன் தயார்" என்று போனில் செய்தி வருகிறது. தினமும் வரவிலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்வார்கள். மலை வியாபாரம் ஞாயிறும் சீசனும் நம்பியது. மழை பெய்து ஆள் வராத வாரத்திலும் தவணை நிற்காது. வட்டியையும் அது போகச் செயல்பாட்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். இரவில் அட்டையைக் கடைக்கு வெளியே விடாதீர்கள். அதன் மேல் தம் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சிக்னல் இல்லாத நாட்களுக்கு வாடகை கூடாது, உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் வேண்டும், மலைக் கிராமங்களுக்கு வாரம் ஒருமுறையாவது வங்கியின் ரொக்க வண்டி வர வேண்டும். இவற்றை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை முதல் பொருளாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வாடகை பிடித்ததற்கான வங்கிக் கணக்கு நகல் வைத்திருக்கும் உறுப்பினர்கள், பெட்டி வேலை செய்யாத தேதிகளையும் ஒரு தாளில் எழுதி உடன் கொண்டுவரவும்.