தர்பாரும் மைதானமும்

1911ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்செழுந்தால் ஹைதராபாத்வாசிகளாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருபவை அரண்மனைச் சமாசாரங்களே. 1908ஆம் ஆண்டின் மூசி வெள்ளம் செய்த புண் முற்றும் ஆறாதிருந்த அக்காலத்தில், ஆகஸ்ட் 29ஆம் தேதி ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலமாக, இருபத்தைந்து வயதான உஸ்மான் அலி கான் சிம்மாசனம் ஏறினார். டிசம்பர் 12ஆம் தேதி டில்லி தர்பாரில், சுதேச மன்னர்களுக்கெல்லாம் முதல்வராகச் சென்று ஐந்தாம் ஜார்ஜுக்கு வந்தனம் செலுத்தினார். வங்கப் பிரிவினை ரத்தானதும், தலைநகரம் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் பெயர்ந்ததும் அந்தத் தர்பாரின் பிரகடனங்களே.

இவையெல்லாம் சரித்திரம்தான், ஐயமில்லை. ஆயினும் அவ்வாண்டின் ஜீவநாடியைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர், ஜூலை 29ஆம் தேதி மாலை கல்கத்தாவில் திரண்ட ஜனசமுத்திரத்தின் நடுவே ஒரு க்ஷணமாவது மானசீகமாகப் போய் நிற்க வேண்டும். ஐ.எஃப்.ஏ. கேடயக் கால்பந்து இறுதியாட்டத்தில் ஆடிய மோகன் பகான் குழுவின் பதினொருவரில் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்தவர். மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலினர். எதிரே, ஆளும் வர்க்கத்தின் கிழக்கு யார்க்ஷயர் படைவீரர்கள். முதல் கோலை அவர்கள் போட, சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலால், கேடயம் 2-1 என்ற கணக்கில் முதன்முறையாக ஓர் இந்தியக் குழுவின் கைக்கு வந்தது.

அதே கோடையில், பட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் குழுவில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய பல்வங்கர் பாலு, பூனாவில் தீண்டாமையின் பெயரால் தனியே மண்கலயத்தில் தேநீர் பெற்றவர். கலயத்தைப் பிரித்து வைத்த சமூகத்தால், பந்தை அவர் கையில் தராமல் இருக்க முடியவில்லை. சட்டமும் பிரசங்கமும் சாதிக்கத் திணறிய சமத்துவத்தை மைதானம் அன்றே கண்ணெதிரே காட்டியது என்பேன்.

அந்த ஆண்டு இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த நம் நகரத்துச் சையத் அப்துல் ரஹீம், பின்னாளில் பள்ளி ஆசிரியராகி, கால்பந்துப் பயிற்சியாளராகி, நோயோடு போராடியபடியே 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். இறுதியாட்டத்தில் கோல் காத்தவர், ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ். தென் கொரியாவை வென்ற கணக்கும் அதே 2-1தான்.

தர்பாரின் பந்தலைப் பிரித்து வெகுகாலமாயிற்று, சமஸ்தானமும் மறைந்தது. மாலை வேளையில் பேட்டைப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி, அதையே கோல் கம்பமாக நட்டு, வெறுங்காலோடு ஓடும் காட்சி மட்டும் இன்னும் மறையவில்லை. அவர்கள் ஓடும் திடலைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடாமல் காப்பது, சார்மினாரைக் காப்பதற்குச் சற்றும் குறையாத கடமை என்பதை நகரத்தை ஆள்வோர் உணர வேண்டும்.